எத்தனை பேர் என்று கேட்டார்கள்

"ரெண்டு பேர்," என்றாள் ராஸ்லின், படகின் ரேடியோவில்.

கரை முனையில் இருக்கும் ரேடியோ கொட்டகையில் மெர்வுடைய பேனா நின்றுவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

விரிகுடாவை விட்டுக் கிளம்பும் எந்தப் படகும் கரைக்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும். எங்கே போகிறது, எப்போது சேரும், எத்தனை பேர். மெர்வ் நோட்டில் எழுதிக்கொள்வான். சேர்ந்ததாகத் தகவல் வராவிட்டால் அந்த நோட்டை வைத்துத்தான் தேடப் போவார்கள்.

ஈடன் துறைக்கு ஆறு மணி நேரம். வடகிழக்குக் காற்று காலையிலிருந்தே ஒரு நிலையில் இல்லை. செத்துக் கிடக்கும், திடீரென்று பாயை அறையும். மாலைக்குள் தெற்குக்குத் திரும்பும் என்று வானிலை அறிக்கை சொன்னது. அதற்குள் அவள் துறைக்குள் போய்விட வேண்டும்.

பதினொரு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் படகை எடுத்திருக்கிறாள். மெர்வ் ஒன்று என்று எழுதினால் இங்கிருந்தே திரும்பிவிடுவது, படகை விற்றுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

கொட்டகை வாசலில் மெர்வுடைய மனைவி ஜாய்ஸ் நிற்பது தெரிந்தது. எப்போதும் துண்டை எடுத்து ஆட்டி வழியனுப்புவாள். இன்று கை அசையவில்லை.

ரேடியோ கரகரத்தது.

"ராஸ், பைனாகுலர்ல பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீ ஒருத்திதான் இருக்கே. ரெண்டுன்னு எழுதினா, நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இல்லாத ஆளத் தேடி நம்ம பசங்க அந்தத் தண்ணியில கெடப்பாங்க."

தெரியும் என்றாள். அதற்காகத்தான் கேட்கிறேன் என்று சொல்லவில்லை.

பாய் தொய்ந்தது. சுக்கான் கட்டை அவள் கைக்குள் கனமில்லாமல் ஆடியது. படகு தானாகவே கரைப் பக்கம் மூக்கைத் திருப்பத் தொடங்கியது. அவள் தடுக்கவில்லை.

"ரெண்டு," என்றான் மெர்வ். "எழுதிட்டேன்."

அவள் கட்டையை இழுத்துப் பிடித்தாள். பாய் நிறைந்தது.

போன வருடம் இதே இடத்தில் மெர்வ் இதே கேள்வியைத்தான் கேட்டான். அதற்கு முந்தின நாள் ஜாய்ஸ் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், அவளும் மெர்வும் பார்க்கவே, ராஸ்லினுக்கும் அவள் கணவன் கெல்வினுக்கும் சண்டை. இனி உன் கூடப் படகில் கால் வைக்க மாட்டேன் என்றான் கெல்வின். விடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் வந்து ஏறி, படகு அறைக்குள் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவனுக்குக் கேட்கட்டும் என்றே அவள் ரேடியோவில் உரக்கச் சொன்னாள். "ஒரே ஆள்தான் மெர்வ். வேற மனுஷன்னு சொல்லிக்கிற மாதிரி யாரும் இல்ல."

மெர்வ் சிரித்தான். கெல்வின் சொன்ன மாதிரியே வீட்டில் இருந்துவிட்டான் என்று நினைத்து, ஒன்று என்று எழுதினான்.

தெற்குக் காற்று அன்று சொன்ன நேரத்துக்கு முன்பே வந்தது. கவிழ்ந்த படகின் மேல் நினைவில்லாமல் கிடந்தவளைத் தூக்கி ஏற்றினார்கள். அவள் வாய் திறந்து பேச இரண்டு நாளாயிற்று.

நோட்டில் ஒரு ஆள். ஒரு ஆள் கிடைத்தாயிற்று. தேடப் போன படகுகள் நல்ல வெளிச்சம் இருக்கும்போதே கரைக்குத் திரும்பிவிட்டன.