மூலை வீட்டுச் சம்மதம்

"கண்ணாடி நூல்ல வருதோ, கம்பியில வருதோ, உங்க நெட்டு எம் மண்ணு வழியா வரக் கூடாது. வேணாம், நக்கோன்னா நக்கோதான்" என்று சொல்லிவிட்டு நாகம்மா கேட்டுக்குக் குறுக்கே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வெளியே நின்ற விஸ்வநாத்துக்கு வியர்த்துக் கொட்டியது. பிராட்பேண்ட் கம்பெனியில் கேபிள் பதிக்கும் பிரிவுக்கு அவர் மேனேஜர். மெட்டுகுடாவின் அந்தச் சந்தில் வீட்டுக்கு வீடு ஹைடெக் சிட்டி ஐ.டி. ஆபீஸ்களுக்குப் போய்வரும் பிள்ளைகள். எல்லோரும் கனெக்‌ஷனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஆனால் சந்தின் வாய் நாகம்மாவின் சொந்த நிலம். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்த அவள் புருஷன் அந்தக் காலத்தில் வாங்கிப் போட்டது. அவள் தலையசைக்காமல் அங்கே ஒரு கடப்பாரையைக்கூட இறக்க முடியாது.

இடத்துக்காரர்களைப் பார்த்துச் சம்மதம் வாங்குவது லலிதாவின் வேலை. அதிர்ந்து பேசத் தெரியாத பெண். மற்ற தெருக்களில் சிரித்த முகமாகப் போய்க் கையெழுத்தோடு வந்துவிடுவாள். இந்த ஒரு வீட்டிலிருந்து மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் திரும்பினாள். ஒரு தடவை நாயை அவிழ்த்துவிடுவேன் என்று மிரட்டினாளாம் கிழவி. இன்னொரு தடவை வாசல் கழுவுகிற சாக்கில் ஒரு வாளித் தண்ணீரைக் காலில் ஊற்றினாளாம். கனெக்‌ஷன் இலவசமாகத் தருகிறோம் என்றதற்கு, அதை வைத்து நான் சோறா பொங்கப் போகிறேன் என்று கேட்டாளாம்.

இதற்கிடையில் மேலிடம் விஸ்வநாத்தின் கழுத்தைப் பிடித்தது. இந்த மாதமும் வேலை ஆரம்பிக்காவிட்டால் விஜயவாடாவுக்கு மாற்றல். மகள் மஹதிக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை வருகிற நேரம். அதனால்தான் லலிதாவையும் கூட்டிக்கொண்டு அவரே நேரில் வந்திருந்தார்.

உலகமே இனிமேல் இன்டர்நெட்டில்தான் ஓடும் என்று ஆரம்பித்து, தங்கள் கேபிளுக்குள் இருக்கும் கண்ணாடி இழை தலைமுடி அளவுகூட இருக்காது என்று முடித்தார்.

"முடி மாதிரின்னா எதுக்குய்யா மூணடிப் பள்ளம்?" என்றாள் நாகம்மா.

அவள் லலிதாவின் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, தெனம் வந்து எம் வாசல்ல நிக்கிறியே, உன்ன வூட்ல கேக்க ஆளில்லையா?"

லலிதா தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. விஸ்வநாத்துக்கு மனசு கேட்கவில்லை. அவளைத் தனியே அழைத்து, போதும்மா, விஜயவாடா ஒன்றும் மோசமான ஊரில்லை என்றார்.

லலிதா தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். மழை வந்தால் இந்தச் சந்தில் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறிவிடுகிறது. யார் யாரிடமோ சொல்லியும் வந்து பார்த்துவிட்டுப் போவதோடு சரி. எப்படியும் நாம் பள்ளம் தோண்டப் போகிறோம். அதிலேயே ஒரு வடிகால் குழாயையும் இறக்கி, மேலே சிமெண்ட் போட்டுத் தருவதாகச் சொன்னால் அந்தம்மா இறங்கி வரலாம்.

"சொல்லிப் பார்க்கலாமா சார்?"

விஸ்வநாத் போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார். மேலிடத்திடம் கெஞ்சி, மல்லுக்கட்டி, ஒருவழியாகச் சரி என்று சொல்ல வைத்தார். சர்வீஸில் அவர் மேலிடத்தை எதிர்த்துப் பேசியது அன்றைக்குத்தான்.

நாகம்மா முழுவதையும் முகம் மாறாமல் கேட்டாள். குழாய் அகலமாக இருக்க வேண்டும் என்றாள். சிமெண்ட் தன் வாசலோடு நிற்காமல் சந்தின் கடைசி வீடு வரை போக வேண்டும் என்றாள். பாதியில் விட்டுவிட்டுப் போனால் கண்ணாடி நூலை அரிவாள்மணையில் வைத்து அறுத்துவிடுவேன் என்றும் சேர்த்துக்கொண்டாள். பிறகு கோணல் எழுத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாங்க போங்க என்றுகூடச் சொல்லாமல் உள்ளே போனாள்.

விஸ்வநாத்துக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு பேச்சு வாங்கியும் பொறுமையாக யோசனை சொன்ன லலிதாவுக்குப் பிரமோஷன் எழுதுவதாக அங்கேயே வாக்குக் கொடுத்தார். பைக்கில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டார். பஸ்ஸிலேயே போய்க்கொள்வதாக அவள் சொன்னாள்.

ரயில்வே பாலம் வரை போன பிறகுதான், வழுக்கையில் காற்று ஜில்லென்று படுவது அவருக்கு உறைத்தது. ஹெல்மெட்டை நாகம்மாவின் மதில்மேல் வைத்துவிட்டு வந்திருந்தார். திரும்பிப் போனார். பூனை மாதிரி மதிலை நெருங்கிக் கையை நீட்டினார்.

சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்க, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு லலிதா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"வூட்ல ஒருநாளாவது மருமவள அப்படிப் பேசியிருக்கேனா? எனக்கே மனசு ஆறல" என்றாள் நாகம்மா, தட்டை நீட்டியபடி.

"நல்லாத்தான் பேசினீங்க அத்தை" என்று சொல்லி லலிதா தோசையைத் திருப்பிப் போட்டாள். "நாளைக்கு சாரை அடுத்த சந்துக்குக் கூட்டிட்டு வரேன். அங்க மூலை வீடு உங்க தங்கச்சியோடதுதானே, அவங்களையும் இதே மாதிரி பேசச் சொல்லிடுங்க."