நான்கு பேர் கூடுதல்

சபை அலுவலகச் சுவரில், இரண்டு சபைகளின் உறுப்பினர் எண்ணிக்கையும் ஒரே தாளில் கோடுகளாக ஓடுகின்றன. எதிர்த்தெருச் சபையின் கோடு மாடிப்படி ஏறுகிறது. எங்கள் கோடு அடக்கமாகக் கல்லறையை நோக்கி இறங்குகிறது. பிற்பகல் வெயில், சன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் விரிந்திருக்கும் பதிவேட்டில் போட்டிருக்கிறது. அதில் சித்தியின் பெயர் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கிறது. விவாகரத்தானவள் மறுமணம் செய்வது பாவம் என்று பதினோரு ஆண்டுகளுக்கு முன் அதை அடித்தவரும் மேசைக்குப் பின்னால் இருக்கும் இதே போதகர்தான். "வாங்கம்மா, போன மாசம் திருச்சபை மாமன்றத்துல தீர்மானம் போட்டாச்சு. மறுமணம் இனிமே பாவமில்ல. நீங்க, வீட்டுக்காரர், பிள்ளைங்க ரெண்டு, ஆக நாலு பேரு. ஒரு கையெழுத்து போட்டா போதும்." சித்தி உட்காரவில்லை. கைப்பையின் வாரை முறுக்குகிறாள். "கடவுள் மனசு மாறிட்டாரா ஐயா, இல்ல எதிர்ச்சபையில கூட்டம் ஏறிடுச்சா?" போதகர் தண்ணீர் குடிக்கிறார். குவளை காலி என்பது குடித்த பிறகே அவருக்குத் தெரிகிறது. "காலத்துக்கு ஏத்த மாதிரி நாமளும்..." "எங்கப்பாவ அடக்கம் பண்ணப்ப என்னைக் கல்லறை கேட்டுக்கு வெளியில நிறுத்துனீங்களே! ஒரு பிடி மண்ணு போட விட்டீங்களா? அதுக்கு என்ன தீர்மானம் வச்சிருக்கீங்க?" சுவர்த்தாள் காற்றில் படபடக்கிறது. போதகர் பதிவேட்டின் காலிக் கட்டத்தில் விரலை வைத்து, மிகப் பணிவாகக் கேட்கிறார்: "சரிம்மா, பிள்ளைங்க ரெண்டு பேரை மட்டுமாவது எழுதிக்கட்டுமா?" சித்தி பதிவேட்டை அறைந்து மூடுகிறாள். விரல் உள்ளே இருப்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.