பூசணிக்காயில் கட்டிய துணி

"இந்தத் துணி உங்களுதுதானேக்கா?"

ஞானதுரை உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பழைய புடவையில் கிழித்த சிவப்புத் துண்டு. பக்கத்து நிலத்துக்காரி மங்கம்மா களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"ஆமா சார், நம்முளுதுதான். எங்க கெடைச்சுது?"

"எங்க வேலியோரத்துப் பூசணிக்காய்க் காம்புல கட்டியிருந்தது. எங்க பொண்ணு ஜெமிமாதான் சொன்னா, நீங்க வந்து கட்டிட்டுப் போனீங்கன்னு."

"பாப்பா அங்கதான் நின்னுனு இருந்துச்சு. அதுக்கு எதிருலதான் கட்டினேன்."

மேற்கொண்டு பேச அவருக்குச் சங்கடமாக இருந்தது. இந்தப் பேச்சை எடுத்திருக்கவே வேண்டாம் என்று பிற்பாடு எத்தனையோ நாள் நொந்துகொண்டார்.

2006-ல் ஓசூர்க் கம்பெனி வேலையை உதறிவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டு, குருபரப்பள்ளிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் வாங்கி வந்தவர் அவர். காலையில் ஜெபம், பிறகு பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம், அதன் பிறகு எல்லோர் கையிலும் மண்வெட்டி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. மண்தான் ஒத்துழைக்கவில்லை. தக்காளி வாடிப் போனது. அவரையைப் பூச்சி தின்றது. மிளகாய் முளைத்ததோடு சரி. 'தானும் கெட்டு, புள்ளைங்களையும் கெடுக்கிறான்' என்று சபையிலேயே பேசிக்கொண்டது அவர் காதுக்கும் வந்தது. அன்றிரவு மனைவியிடம்கூடச் சொல்லாமல் அழுதார்.

கடைசியில் மானத்தைக் காப்பாற்றியது, மங்கம்மா ஊன்றிக் கொடுத்த பூசணிக்கொடி. பிஞ்சிலேயே பறித்துக் குழம்பு வைத்தது போக, காய்ப்பு ஓய்ந்த கொடியில் ஒரே ஒரு காய் குடம் மாதிரி பருத்து நின்றது. அதில்தான் இந்தத் துணி.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கண்ணு படும், திருஷ்டி விழும்ங்கிறதுல எல்லாம் எங்களுக்கு நம்பிக்கை இல்ல. பிள்ளைங்க மனசுல அந்தப் பயம் வந்துடக் கூடாதுன்னு நானே அவிழ்த்துட்டேன்."

அவிழ்த்தது மட்டுமில்லை, அதை வைத்து ஒரு காலை முழுவதும் பாடம் நடத்தியிருந்தார். அதை மட்டும் சொல்லவில்லை.

மங்கம்மாவின் முகம் மாறியது. "துணி போனா போவுது சார். காய் கொடியிலதானே இருக்குது?"

அதைக் கேட்டதும் ஞானதுரைக்குச் சங்கடமெல்லாம் பறந்துவிட்டது.

"அதைச் சொல்லத்தான் வந்தேன்! நேத்து எங்க சர்ச்சுல அறுப்பின் பண்டிகை. முதல் விளைச்சலை ஆண்டவருக்குன்னு படைச்சு ஏலம் விடுவாங்க. நம்ம பூசணிக்காய்க்கு எப்படிப் போட்டி போட்டாங்க தெரியுமா? எடுத்தவர் அங்கேயே விருந்துக்குக் கொடுத்துட்டார். அவ்வளவு பேரும் சாம்பார்ல சாப்பிட்டோம். என்னைக் கிண்டல் பண்ணினவங்களே வந்து கையைக் குலுக்கினாங்கக்கா."

"வெதை?" என்றாள் மங்கம்மா.

"அது சமையல் பண்ணினவங்க குப்பையோட கொட்டியிருப்பாங்க. ஏன்?"

அவள் குனிந்து களைக்கொத்தை எடுத்தாள். வெட்டவும் இல்லை, சும்மா பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்க சாமி நம்பிக்கையை நான் குறை சொல்லலக்கா. மனசு கஷ்டப்பட்டிருந்தா மன்னிச்சிருங்க."

"சாமிக்கும் அதுக்கும் இன்னா சார் இருக்குது? வெதைக்கு வுட்ட காயை யாரும் பறிச்சிடக் கூடாதுன்னு துணி கட்டுவோம். இந்தப் பக்கம் சின்னப் புள்ளைங்களுக்கும் தெரியுமேன்னு சொல்லாம வுட்டுட்டேன்."

ஞானதுரை கையிலிருந்த துணியைக் குனிந்து பார்த்தார். "உங்க வீட்டுல வேற விதை இருக்கும்ல? அதுல கொஞ்சம் கொடுங்க. நானே உங்க நிலத்துல ஊன்றிக் கொடுக்கறேன்."

மங்கம்மா அவரைப் பார்க்காமல் வேலியைப் பார்த்துச் சொன்னாள். "பானையில இருந்தது மொத்தமே ஏழு வெதை சார். நீங்க போட்டதெல்லாம் செத்துச் செத்துப் போவுதே, உங்க புள்ளைங்களுக்கு இதாவது காய்க்கட்டும்னு, என் நிலத்துக்குக்கூட வெக்காம ஏழையும் உங்க வேலியிலதான் ஊனினேன்."