வாஸ்து உருளி

கொசுப்புழு தேடி வீடு வீடாகப் போகும் மாநகராட்சிப் பணியாளர் பிலோமினா, வாசலில் இருந்த பித்தளை உருளியின் சாமந்திப் பூக்களை விலக்கினாள். அடியில் புழுக்கள் நெளிந்தன.

"கவுத்துடாதம்மா, வாஸ்துக்கு வெச்சது," என்றார் வீட்டுக்காரர் தேசிங்கு. "கேன் தண்ணி. டெய்லி பூ மாத்துறோம். கொசு வேணும்னா பின்னாடி குப்பத்துல போய்த் தேடு."

"டெங்குக் கொசு நல்ல தண்ணியிலதான் சார் முட்ட போடும்." பூவை மாற்றுகிற வீடுகள் தண்ணீரை மாற்றுவதில்லை என்பது அவளுக்குப் பழகிய சங்கதி. "வீட்ல யாருக்காச்சும் காய்ச்சலா?"

"பெரியவ ஐசியுல இருக்கா. பிளேட்லெட் எறங்கிட்டே போவுது. சின்னவளுக்கும் காலையிலேர்ந்து ஒடம்பு சுடுது. இந்த நேரத்துல போய் இத அசைக்கலாமா?"

சொல்லிவிட்டு, ஒதுங்கிய பூக்களை அவர் ஒவ்வொன்றாக நடுவில் சேர்த்தார். பிலோமினா செருப்பைக் கழற்றாமலே உருளியின் விளிம்பில் காலை வைத்தாள்.