கப்பல் சீட்டு

மலேசியாவிலிருந்து வந்த கோகிலவாணி, கொள்ளுத்தாத்தா வீரபுத்திரனின் சொந்தங்களைத் தேடி நான்கு நாட்களாக வாடகைக் காரில் ஊர் ஊராக அலைந்தாள். ஆறாவது ஊரில் இருளாயி என்ற பெண், "அவுக எங்கப்பாவப் பெத்தவுகதான்" என்று உள்ளே அழைத்து உட்காரவைத்தாள்.

"நான் அவரோட கொள்ளுப்பேத்தி. கப்பலேறி மலேசியா போயி அங்கேயே இருந்துட்டாரு."

இருளாயி திகைத்தாள். "தாத்தா கப்பலே ஏறலையே. கெளம்புறதுக்கு மொத நாளு ஓடைக்கரையில ஒருத்தன் வெட்டிக் கொன்னுப்புட்டான்ல. மடியில இருந்த கப்பல் சீட்டையும் எடுத்துக்கிட்டு ஓடிட்டான்."

கோகிலவாணி பதறிப்போய்ப் பையிலிருந்த படத்தை எடுத்து நீட்டினாள். வெள்ளைச் சட்டையில் கொள்ளுத்தாத்தா. வலது காதில் பாதி இல்லை. ரப்பர் தோட்டத்தில் குரங்கு கடித்தது என்று வீட்டில் சொல்வார்கள்.

இருளாயி படத்தை வாங்கி அந்தக் காதின் மேல் விரலை வைத்தாள். "தாத்தா பொணத்தத் தூக்கயில, வாயில பாதிக் காது இருந்துச்சாம்."

கோகிலவாணியின் அப்பா, தம்பி, தம்பி மகன் என்று எல்லோர் பெயரிலும் வீரபுத்திரன் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வெட்டினவரு பேரு என்னக்கா?"

இருளாயி படத்தைக் கவிழ்த்து அவள் மடியில் வைத்தாள்.

"அந்தப் பேர இந்த வீட்டுல சொல்றதில்ல, தாயி."