அடியில் இருக்கிற நாலாவது போல்ட்

"யாரும் கூப்பிடலயே தம்பி? ஞாயித்துக்கெழமையில என்னா இந்தப் பக்கம்?"

டேமில் ஆள் ஏற்றும் போட்டை ஓட்டுகிற நாகலெட்சுமி கரையில் நின்றே கேட்டாள்.

"சும்மாதாங்க அக்கா. மூணு கெழமைக்கு முன்னால செஞ்ச சர்வீஸ் எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான் யோகேஸ்வரன்.

சும்மா வரவில்லை. மெக்கானிக் யோகேஸ்வரனின் காற்சட்டைப் பைக்குள் ஒரு ரப்பர் சக்கரம் இருந்தது. டேம் தண்ணீரை இழுத்து எஞ்சினைக் குளிரவைக்கிற பம்புக்குள் சுற்றுவது. அன்றைக்கு அதை மாற்றிவிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான்.

மாற்றவில்லை.

அந்தப் பம்பை எஞ்சினுக்கும் பலகைக்கும் நடுவில் எந்தப் புண்ணியவான் வைத்தானோ! மூடியில் நாலு போல்ட். மூன்று கண்ணுக்குத் தெரியும். நாலாவது அடியில். ஸ்பேனர் திரும்பாது. விரலால் தடவித்தான் கழற்ற வேண்டும். அன்றைக்கு மழை வேறு. ஹட்டனுக்குக் கடைசி பஸ் வேறு. ஒரு மணி நேரம் போராடி முழங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம். 'பழசே இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்' என்று எஞ்சின் பெட்டியை மூடிவிட்டான்.

போன செவ்வாய்க்கிழமை அம்மாவோடு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பக்கத்து பெஞ்சில் மாசமான பெண்கள் இரண்டு பேர்.

"போட்டு இல்லாட்டி எங்களுக்கு ஏழு மைல் சுத்துடி."

"பயமா இருக்காதா?"

"என்னா பயம்? இப்பத்தான் எஞ்சினெல்லாம் சர்வீஸ் செஞ்சிருக்காங்க."

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

போட்டில் ஏறி எஞ்சின் பெட்டியைத் திறந்து, குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டான். மூன்று போல்ட் கழன்றது. பல்லைக் கடித்துக்கொண்டு நாலாவதைத் தொட்டான்.

விரல் பட்டதுமே அது சுற்றியது. கிரீஸ் போட்டு வைத்த மாதிரி.

மூடியை எடுத்துவிட்டு உள்ளே தடவினான். ஒன்று, இரண்டு, மூன்று... சக்கரத்தின் ஆறு இதழும் முழுசாக இருந்தது. போன் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தான். புத்தம் புதுசு!

அவனுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. ஒருவேளை அன்றைக்கு நாமே மாற்றிவிட்டோமா? பையைத் தொட்டுப் பார்த்தான். சக்கரம் பையில்தான் இருந்தது.

"அக்கா, இந்தப் பம்ப வேற யாராச்சும் தொறந்தாங்களா?"

"ஏன்? நீங்கதானே தொறந்தீங்க."

"இல்ல... புதுச் சக்கரம் கெடக்கு."

"மாத்தினேன்னு எழுதியிருக்கீங்களே. புதுசுதானே கெடக்கும்?"

கேலி பண்ணுகிறாளா, நிஜமாகவே நம்புகிறாளா? முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. அவனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. பையிலிருந்த சக்கரத்தை எடுத்துப் பலகையில் வைத்தான்.

"நான் மாத்தலக்கா. பொய்யாக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

நாகலெட்சுமி சக்கரத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"மறுநாளே நடு டேமுல எஞ்சின் கொதிச்சிருச்சு. போட்டுல பதினாலு பேரு. அதுல நிஷாந்தின்னு ஒரு புள்ளைக்கு ஒம்பது மாசம். பாசி அடைச்சிருச்சுன்னு பொய் சொல்லி, துடுப்புப் போட்டுத்தான் கரைக்குக் கொண்டாந்தேன். பொறவு ஹட்டன்ல புதுசு வாங்கியாந்து நானே போட்டேன். பதினஞ்சு வருசம் தேயிலைக் கொழுந்து எடுத்த கைதானே, நொழைஞ்சிருச்சு."

யோகேஸ்வரன் மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். பதினாலு பேர்.

"போட்டுச் சங்கத்துல சொல்லலயா?"

"மெக்கானிக் நல்லாத்தான் செஞ்சிருக்காருன்னு சொன்னேன்."

திட்டியிருக்கலாம். மாட்டி விட்டிருக்கலாம். செய்த துரோகத்தை மறைத்து, நல்ல பேரும் வாங்கிக் கொடுத்திருக்கிறாளே, எதற்கு? கண் கலங்கிவிட்டது. சட்டென்று குனிந்து அவள் காலைத் தொடப் போனான்.

"ஐயய்யோ! என்னா தம்பி இது!" அவள் துள்ளி விலகினாள்.

"இல்லக்கா. நாளைக்கே சங்கத் தலைவர்கிட்டப் போயி நடந்ததச் சொல்லிர்றேன். என்னா தண்டனை குடுத்தாலும் சரி."

"வேணாம் தம்பி."

"ஒங்களுக்கு இருக்கிற பெரிய மனசுக்கு..."

"வேணாங்கிறேன்ல!"

அவள் குரல் உடைந்திருந்தது. அவன் இன்னும் குழம்பிப்போய்ப் பார்த்தான். நாகலெட்சுமி போட்டு ஓட்டுகிற இடத்துக்குப் போனாள். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, நீட்டவா வேண்டாமா என்று நின்றாள். பிறகு நீட்டினாள்.

"போறதுன்னா, இதையும் எடுத்துக்கிட்டுப் போங்க."

டிரைவர் மாசத்துக்கு ஒரு தடவை எஞ்சினைப் பார்த்துச் சரி போட வேண்டிய அட்டை. 'பம்பைத் திறந்து பார்த்தேன்' என்ற வரிக்கு நேரே ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரைக்கும் வரிசையாகச் சரி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவள் கையெழுத்து.

"ஒழுங்காத்தானே பாத்திருக்கீங்க?" என்றான் புரியாமல்.

"எட்டு மாசத்துல ஒரு நாளும் அந்த மூடியில நான் கை வச்சதில்ல தம்பி. என் கை நொழையும்னே அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். தொறந்து பாத்தா, ஆறு எதழ்ல ரெண்டுதான் மிச்சம். ஒங்களக் காட்டிக் குடுத்திருந்தா, அடுத்ததா இந்த அட்டையத்தானே கேட்டிருப்பாங்க?"