ஒரு சைக்கிள் அகலம்

"ஒருத்தனையும் வுடாதீங்க! பஸ்ஸு, லாரி, பைக்கு, எதுவும் மலை ஏறக் கூடாது!"

போனில் இப்படிக் கத்தி முடித்துவிட்டுத்தான் அரங்கநாதன் ஸ்பேனரைக் கையில் எடுத்தார்.

இளவரசனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரோட்டை மறிக்கச் சொல்கிற ஆளிடமே மலை ஏற வழி கேட்டு வந்து நிற்கிறோமே! என்ன செய்வது, கச்சிராயபாளையத்தில் கியர் சைக்கிள் பார்க்கிற கடை இது ஒன்றுதான்.

இட ஒதுக்கீடு கேட்டு விடிந்ததிலிருந்து மறியல். மேலே கரியாலூர் ஆஸ்பத்திரியில் அவன் மனைவி ஜெயசுதாவுக்கு வலி எடுத்திருந்தது. தலைப்பிரசவம். "நீங்க பக்கத்துல இருந்தா எனக்குப் பயமில்ல" என்று பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நேற்று பார்த்து, ஆலையில் லீவு இல்லையென்று கீழே இறங்கி வந்துவிட்டான்.

சிநேகிதனிடம் மவுண்டன் பைக் என்கிற கியர் சைக்கிளை இரவல் வாங்கியிருந்தான். ஒரு வருஷமாகச் சும்மா கிடந்த வண்டி. மிதிக்கிற இடத்தில் பெரிசும் சின்னதுமாக இரண்டு பல்சக்கரம். செயின் பெரிசிலேயே உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. பெரிசை வைத்துக்கொண்டு அந்த மலையில் ஏற பீமனால்தான் முடியும்.

"கையால எடுத்து சின்னதுல போட்டுக் குடுங்கண்ணே, போயிடறேன். வூட்டுக்காரிக்கு வலி எடுத்துடுச்சி."

"போடலாம். செயினைத் தள்ளுற தகடு பெரிசு பக்கமே நிக்குதே, பத்து மிதியில திரும்ப அங்கியே ஏத்தி வுட்டுடும். கேபிளு துருப்புடிச்சிக் கெடக்குது. குந்து."

குந்தினான்.

அரங்கநாதன் துருப்பிடித்த கேபிளை உருவிப் போட்டார். தகட்டுக்கும் பெரிய பல்லுக்கும் நடுவே ஒரு ரூபாய்க் காசை நுழைத்து உயரம் பார்த்தார். முன்னால் சின்னது, பின்சக்கரத்தில் பெரியது என்று செயினை மாற்றி, குட்டி ஸ்க்ரூவைக் கால் திருகு திருகினார். தகடு செயினை உரசாமல் மயிரிழையில் நின்றது. புதுக் கேபிளை இழுத்து முடுக்கினார்.

அதற்குள் போன். சுவர்ப் பக்கம் திரும்பி, வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ பேசினார். வந்து உட்கார்ந்ததும் அவரே இன்னொரு போன் போட்டார். அப்புறம் இன்னொன்று.

அங்கே ஒருத்தி வலியில் துடிக்கிறாள், இங்கே இவருக்கு அரசியல்!

"முடிஞ்சிதாண்ணே?"

"இரு, பெரிசுக்கு ஏறுதா பாக்கணும்."

"பெரிசு எனக்கு வேணாம்ணே! மேட்டுல ஏறணும், அவ்வளவுதான்!"

"எறங்கி வர மாட்டியா? மேலயே குடித்தனமா?" இரண்டாவது ஸ்க்ரூவையும் பார்த்து, நாலு தடவை மாற்றி மாற்றிச் சுற்றிவிட்டுத்தான் வண்டியை விட்டார். "ஏத்தம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சின்னதுக்கு மாத்திக்கோ. முக்கிக்கினு இருக்கறப்ப மாத்தாத. ஒன் நம்பரு சொல்லு."

நம்பர் எதற்கு என்று கேட்கக்கூட அவனுக்குப் பொறுமை இல்லை. சொல்லிவிட்டுப் பறந்தான்.

கோமுகி அணை திருப்பத்தில் முதல் மறியல். ரோட்டுக்குக் குறுக்கே புளியங்கிளை, பின்னால் நூறு பேர். இறங்கிக் காலில் விழவேண்டியதுதான் என்று பிரேக்கில் கை வைத்தான்.

"தம்பி, எறங்காத! மிதி, மிதி!" என்று ஓர் அம்மாள் எழுந்து கத்தினாள்.

கூட்டம் சட்டென்று ஒரு சைக்கிள் அகலத்துக்குப் பிளந்தது. கிளையை நாலு பேர் நகர்த்திப் பிடித்தார்கள். இன்னும் இரண்டு பேர் சீட்டைப் பிடித்துத் தள்ளியே விட்டார்கள்.

மலை அடிவாரத்தில் லீவரைத் தட்டினான். டக்கென்று சின்னதுக்கு வந்தது செயின். மிதிப்பது பஞ்சுபோல் இலேசாகிவிட்டது. வளைவுக்கு மேல் வளைவு. செயின் ஒரு தடவைகூடக் கழலவில்லை, உரசவில்லை.

'வேலை சுத்தம்தான். மனுஷன்தான் சரியில்லை' என்று நினைத்துக்கொண்டான்.

இன்னும் இரண்டு இடத்தில் மறியல். இரண்டு இடத்திலும் அதே வழி, அதே தள்ளல். ஒருவர் ஓடிக்கொண்டே அவன் தலையில் ஒரு சொம்புத் தண்ணீரையும் ஊற்றினார். அவனுக்குக் கண் கலங்கியது. எவ்வளவு நல்ல சனங்கள்! இவர்களுக்குப் போய் இப்படி ஒரு தலைவரா?

ஜெயசுதாவைப் பிரசவ அறைக்குள் அழைத்துப் போகிற நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தான். அந்த நிலைமையிலும் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "இன்னாங்க இது, கொளத்துல வுழுந்து வந்தீங்களா?"

அரை மணி நேரத்தில் பெண் குழந்தை. ரோஜா நிறத்தில், ஊரையே கூட்டுகிற குரலோடு.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவன் வராந்தாவில் இரண்டையும் செய்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"தம்பி, அணைக்கட்டு மறியல்லருந்து ஆதிமூலம் பேசறேன். இன்னா கொழந்த?"

"பொண்ணுங்க! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க! ஆமா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நல்லாக் கேட்ட போ! 'சைக்கிள்ல ஒரு தம்பி வரும், எறக்கிடாதீங்க, மேட்டுல நின்னா திரும்ப மிதிச்சி ஏற முடியாது'ன்னு எடத்துக்கு எடம் போன் போட்டாரே எங்க அரங்கநாதன் அண்ணன்! இப்ப இங்க ஆயிரம் பேரு சேந்துட்டோம், அவரு பேச்சக் கேக்க வெயில்ல குந்திக்கினு இருக்கோம். கொழந்த பொறந்த சேதி தெரியாம மைக்கத் தொட மாட்டேன்றாரு மனுஷன்!"